ஒலிபெருக்கியில் வந்த என் தங்கையின் குரல்

வாக்குமூலத்துக்குப் பெயர் கேட்டீர்கள், வனத்துறை ஐயா. பாய் முடையக் கோரை அறுக்கிறவன் என்பதால் எல்லாருக்கும் நான் கோரைக்காரர்தான். அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். வயது ஐம்பத்து நாலு. ஏரிக்கரை மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, நீலக் கதவு. அந்தக் கதவுக்கு நீலம் அடித்தது ஒரு தனிக்கதை. எழுத்தர் ஐயா பேனாவை மூடிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

இன்று காலை வெளிச்சம் வருகிற நேரத்தில் அரிவாளோடு ஏரிக்குள் இறங்கினேன். அப்போது கோரைக்கு நடுவில் உள்ளான்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. உள்ளான் என்றால் குளிர்காலத்தில் தூர தேசத்திலிருந்து வந்து சேற்றைக் கொத்தித் தின்கிற சின்னப் பறவை. முன்பெல்லாம் கூட்டமாக இறங்கினால் சேறே நடப்பதுபோல இருக்கும். நாலு வருஷமாக மெலிந்து மெலிந்து, போன வருஷம் வந்த கூட்டங்களை விரல்விட்டு எண்ணிவிட்டேன். ஆகையால் சத்தம் கேட்டதும் இருப்புக்கொள்ளாமல், சொந்தக்காரர் வண்டியை விட்டு இறங்கியதுபோல முழங்கால் சேற்றில் ஓடினேன். ஓடும்போதுதான் கவனித்தேன், பன்னிரண்டு கூப்பாட்டுக்கு ஒருமுறை கர்ரென்று இரைந்து மறுபடி அதே பன்னிரண்டு வந்தது. எந்தப் பறவையும் அப்படி எண்ணிக் கூப்பிடாது.

அதன் பிறகு குனிந்துபோய்ப் பார்த்ததில், இரண்டு கழிகளுக்கு நடுவே தலைமுடிபோல மெல்லிய வலை கட்டியிருந்தது, அதில் உள்ளான்கள் தலைகீழாகத் தொங்கின, கீழே சாக்கின் மேல் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு கூட்டம், முந்நூறாவது இருக்கும், அந்தச் சத்தத்தை நம்பி வட்டமடித்து இறங்கியது. இறக்கைக் காற்று என் காதில் பட்டது. கத்தினால் பிடிக்கிறவன் ஓடிவிடுவான், கத்தாவிட்டால் கூட்டம் வலையில் விழும்.

அந்த நேரத்தில் பெட்டியில் பறவைச் சத்தம் நின்று போன் மணி அடித்தது. அடுத்து ஏரி முழுக்க ஒரு பெண் குரல்.

"எங்கய்யா இருக்க? காலை ஷிப்ட்டுன்னு கிளம்பின, கம்பெனி கார்டு டிவி மேல கிடக்குது. உன்ன எப்படி உள்ள விட்டாங்க?"

முந்நூறும் ஒரே வீச்சில் திரும்பி வானத்துக்கு ஏறின. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. அது என் தங்கையின் குரல். கோரைக்குள்ளிருந்து போனைத் தட்டித் தட்டி எழுந்தவன் அவள் புருஷன். போனிலிருந்துதான் பெட்டிக்குச் சத்தத்தை அனுப்பியிருக்கிறான்; வந்த அழைப்பை வெட்டப் போய், பதற்றத்தில் எடுத்துவிட்டான்.

"மச்சான், வலையை மட்டும் அறுத்துடாதீங்க," என்றான்.

"இன்னொரு வார்த்தை பேசினா அறுக்குறது வலையா இருக்காது மாப்ள," என்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அண்ணனா அது? என்னத்த அறுக்குற?" என்றது பெட்டி.

சொன்னேன். வலை, பறவை, அவள் புருஷன், எல்லாவற்றையும்.

"ரெண்டு பேரும் கைய வெக்காதீங்க. இழுத்தீங்கன்னா அதுங்க கால் ஒடிஞ்சிரும். நான் வரேன்."

என் தங்கை தையல்காரி. கால் மணி நேரத்துக்குள் நூல் பிரிக்கிற சின்னக் கத்தரியோடு சைக்கிளில் வந்து, செருப்போடு சேற்றில் இறங்கி, ஒவ்வொரு இழையாக வெட்டினாள். வெட்டியதையெல்லாம் புருஷன் கையில் கொடுத்து அவனையே விடவைத்தாள். ஒவ்வொன்றும் அவன் உள்ளங்கையை உதைத்துக்கொண்டு கிளம்பும்போது என்னையறியாமல் நான் எண்ணினேன். முப்பத்தேழு பறந்தன. ஆறு ஏற்கெனவே செத்திருந்தன. அவற்றைச் சாக்கில் சுற்றி உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் உங்களுக்குப் போன் செய்யப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"யாரோ ஒருத்தன், ஓடிட்டான்னு சொல்லுங்க மச்சான். வேலை போயிடும்."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் வீடு, அவள் அடுப்பு. நான் சொல்கிற ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. அவள் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னாள்.

"யாருன்னு கேட்டா என் குரலைச் சொல்லுண்ணே. ஏரி பூரா கேட்டாச்சு. மறைச்சா இவரு அடுத்த வருஷமும் போவாரு."

ஆகவே சொல்கிறேன், வலை கட்டியவன் என் தங்கையின் புருஷன். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எழுத்தர் ஐயா வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, நடந்ததைத்தான் சொன்னேன். சேற்றைக் கழுவிவிட்டு இடது கைப் பெருவிரலை வைத்தேன்.