திருத்தத்துக்கு ஒரு கையெழுத்து

தாளின் இடது பக்கம் ஒரு அங்குலம் ஓரம் விட்டிருக்கிறேன். துளை போட்டுக் கோப்பில் கோர்க்கும்போது எழுத்து அடிபடக் கூடாது. உங்கள் காவல் நிலைய எழுத்தர் ஓரமே விடாமல் எழுதுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, உதவி ஆய்வாளர் குணசுந்தரி அம்மா அவர்களே, அவருக்கு வேலை அதிகம். அதனால்தான் என் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். தாங்களும் சிரித்தபடி தாளைக் கொடுத்தீர்கள். நன்றி.

பெயர் சடையப்பன். வயது ஐம்பத்தெட்டு. கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசையும் தமிழ் டைப்ரைட்டரும் போட்டு மனு எழுதுகிறேன். ஆர்.கே.பேட்டையில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். மற்ற பாடங்கள் சுமார்தான். 'கடிதம் வரைக' என்ற கேள்வியில் மட்டும் ஒரு மதிப்பெண்கூடக் குறைந்ததில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையில் நிறுத்திவிட்டால் எவ்வளவு பெரிய துக்கமும் ஒழுங்காகிவிடும் என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

ரத்னா என்னிடம் முதலில் வந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. சிப்காட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கணவர் பரணிதரன் பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். இரண்டு பிள்ளைகள். ஆர்.கே.பேட்டையில் தன் அம்மா வீட்டு ஜாத்திரைத் திருவிழாவுக்கு என்று போனவர் மூன்று நாளாக வரவில்லை. ஃபோனும் அணைந்திருந்தது.

"கோவம்லாம் ஒண்ணும் இல்லண்ணா. ஊட்டுக்கு வந்து சேருன்னு ரெண்டே வரி எழுதுங்க. கடுதாசின்னா பயந்துகினு வந்துடுவாரு," என்றாள்.

இரண்டு வரிக் கடிதம் என்று ஒன்று கிடையாது. ஒன்றரைப் பக்கம் அடித்தேன். பொருள்: குடும்பப் பொறுப்பைத் துறந்து சென்றமை குறித்து விளக்கம் கோருதல். வாசித்துக் காட்டினேன். "இன்னாண்ணா, சும்மா கெத்தா இருக்குது," என்று கையெழுத்துப் போட்டாள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

நான்காம் நாள் பரணிதரன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்து நின்றார். அதில் ஆச்சரியமில்லை. சிப்காட் கேட்டில் யாரிடம் கேட்டாலும் என்னைத்தான் காட்டுவார்கள்.

"இன்னாண்ணா இது, வக்கீல் நோட்டீஸா?"

"நோட்டீஸ் மாதிரிதான்," என்றேன்.

"ஃபோனு தண்ணில வுழுந்துடுச்சிண்ணா, அதான் மேட்டரு. சாரி, நாளைக்கு வரேன்னு ஒரு வரி போடுங்க."

பதிலுரையில் மறுக்கப்படாத எதுவும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும். இது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனவே, 'தங்கள் கடிதத்தில் கண்ட குற்றச்சாட்டுகள் அனைத்தையும் முற்றிலும் மறுக்கிறேன்' என்று தொடங்கினேன். அவருடைய நன்மைக்காகத்தான். பதில் வந்து சேரும் வரை வீட்டுக்குப் போக வேண்டாம், கடிதப் போக்குவரத்து நடக்கும்போது நேரிலோ ஃபோனிலோ பேசினால் உங்கள் தரப்பு பலவீனமாகும் என்றும் சொன்னேன். மீஞ்சூரில் ஒரு நண்பனின் அறையில் தங்கினார். ரத்னாவிடமும் இதே அறிவுரையைத்தான் சொன்னேன். ஒரு தரப்புக்கு ஒரு நியாயம், மறு தரப்புக்கு வேறு நியாயம் என்று நான் நடந்ததே இல்லை.

இரு தரப்புக்கும் நானே எழுதியது இருவருக்கும் தெரியாது. நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. டைப் அடித்த தாள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான்கு வருடத்தில் அவளுக்காகப் பதினொரு கடிதம், அவருக்காகப் பதினொன்று. மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் லோக்கல் ரயிலில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத் தூரத்தைத்தான் இருபத்திரண்டு பதிவுத் தபால்களால் கடந்தோம். கடந்தோம் என்று சொல்வதில் தவறில்லை, நானும் கூடவே இருந்தேன். அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் தள்ளி நின்று மட்டும் பார்ப்பார். அதுவும் என் யோசனைதான். நெருங்கிப் பேசினால் சாட்சியாகிவிடும்.

ஏழாம் கடிதத்தின்போது மூத்தவள் ஹேமாவதி ஒரு நோட்டுத் தாளை அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். 'அப்பா எப்ப வருவ, எனக்குப் பல்லு வுழுந்துச்சி' என்று இருந்தது. இணைப்பு என்றால் கடிதத்தின் அடியில் அதைக் குறிப்பிட வேண்டும். இதற்கோ தேதிகூட இல்லை. அனுப்பவில்லை. சிவப்பு மையில் பிழை மட்டும் திருத்தி வைத்திருக்கிறேன். மேசையின் இடப்பக்க இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் என்று கேட்டீர்கள். அம்மா, சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் இ-சேவை மையத்துக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது கோடிட்ட இடம் நிரப்பும் வேலை. ஒரு கடிதம், அதற்குப் பதில், பதிலுக்கு மறுப்பு என்று ஆற அமர எழுத இந்தக் குடும்பம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. என் பெயருக்கு இதுவரை ஒரு பதிவுத் தபாலும் வந்ததில்லை. இது காரணம் அல்ல, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இந்த வருடம் ஏப்ரலில் ரத்னாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. பிள்ளைகளை அழைத்துப் போகலாம், பள்ளிக்கூடமும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். தாய் மட்டும் பிள்ளைகளை வெளிநாடு கூட்டிப்போவதால் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும், நோட்டரி முத்திரையோடு வேண்டும் என்று விசா ஏஜென்சி சொல்லிவிட்டது.

"இந்த வாட்டி சண்ட வேணாண்ணா," என்றாள் ரத்னா. "பசங்கள கூட்டினு போறேன், நீயும் வாயேன், அங்க உனக்கும் வண்டி ஓட்டற வேலை கேக்கறேன்னு எழுதுங்க. அந்தாளு இல்லாம எனக்கும் பேஜாராத்தான் கீது."

வேண்டுகோளில் அழைப்பைக் கலந்தால் வேண்டுகோள் நீர்த்துவிடும். சம்மதம் தர மறுத்தால் ஏற்படும் ஏழு சட்ட விளைவுகளை மட்டும் எழுதினேன்.

பரணிதரன் வந்தார். ஏழு விளைவுகளையும் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "போவட்டும்ண்ணா. பசங்க நல்லாருந்தா போதும். எங்க வேணா கையெழுத்துப் போடறேன். கடசீல மட்டும் ஒரே ஒரு வரி. நானும் வரட்டுமான்னு கேட்டதா போடுங்க."

சம்மதக் கடிதத்துக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைகளின் பெயர், கடவுச்சீட்டு எண், யாருடன் போகிறார்கள், எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, 'எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை'. அவ்வளவுதான். கேள்வியோடு முடியும் சம்மதத்தை எந்த ஏஜென்சியும் ஏற்காது. அந்த வரியை விட்டுவிட்டேன். இருவரும் நோட்டரி அலுவலகத்தில் எதிரெதிரே நின்று சங்கடப்படக் கூடாது என்று அவருக்குத் திங்கட்கிழமையும், கடிதத்தைப் பெற்றுக்கொள்ள அவளுக்குப் புதன்கிழமையும் சொன்னேன்.

புதன்கிழமை ரத்னா அதை இரண்டு முறை படித்தாள். "ஆட்சேபணை இல்லியாம்," என்று சொல்லி மடித்துப் பையில் வைத்தாள். அவள் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எழுத எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆட்சேபணை இல்லாதவர்களிடம் என்ன எழுதுவது?

இனி வருவது தங்களுக்குத் தேவையான பகுதி. தெளிவாகவே சொல்கிறேன். என்னிடம் கையெழுத்துப் போடுகிற எல்லோரிடமும், திருத்தம் வந்தால் மறுபடி அலைய வேண்டாமே என்று, ஒரு வெற்றுத் தாளின் அடியில் கூடுதலாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வேன். பரணிதரன் சம்மதக் கடிதத்தோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்த அந்தத் தாளில், 'மேற்படி சம்மதத்தை இதன்மூலம் ரத்து செய்கிறேன்' என்று அடித்தேன். ஆறு வரிதான், நல்ல வரிகள். மீஞ்சூர் அஞ்சலகத்துக்கே போய் ஏஜென்சிக்கு அனுப்பினேன். அனுப்புநர் வசிக்கும் ஊரின் முத்திரை இருப்பதுதான் முறை. ஏஜென்சி பிள்ளைகளின் விசாவை நிறுத்தி வைத்தது.

மாட்டிக்கொண்டது என் சுறுசுறுப்பால். ஏஜென்சிக்குத் தபால் எப்போது சேரும், ரத்னா எப்போது என்னிடம் வருவாள் என்று கணக்குப் போட்டு, அன்று காலையே தாளைச் சொருகிப் பொருளை அடித்து வைத்திருந்தேன். அவள் வேகமாக வந்து, மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணா, ஒரு லெட்டர் எழுதணும்," என்றாள். அப்போது அவள் கண் டைப்ரைட்டரில் இருந்த தாளில் போய் நின்றது. 'பொருள்: வெளிநாட்டுப் பயணச் சம்மதத்தை ரத்து செய்தமைக்குக் கண்டனம் தெரிவித்தல்.' கீழே அவள் பெயரும் இருந்தது.

"நான் இன்னும் மேட்டரே சொல்லலியேண்ணா," என்றாள்.

மனு எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய பிழை கிடையாது. கட்சிக்காரர் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும்.

அவள் அந்தத் தாளை உருவிக்கொண்டு, வீட்டில் இருந்த கடிதக் கட்டையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறி மீஞ்சூர் போனாள். முன்னறிவிப்பு இல்லை, கடிதம் இல்லை. இருவரும் இருபத்திரண்டு கடிதங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பேசியிருக்கிறார்கள். "சாரின்னு எழுதச் சொன்னேனேடி" என்று அவரும், "எங்கய்யா சொன்ன, முற்றிலும் மறுக்கிறேன்னுதான இருந்துச்சி" என்று அவளும் விடியும் வரை கேட்டுக்கொண்டார்களாம். தாங்கள்தான் சொன்னீர்கள். நான் சேர்த்தது எது, விட்டது எது என்று ஒவ்வொன்றாக அவர்களுக்குத் தெரிந்துபோனது. நடந்த தவறு எதுவென்று கேட்டால், அவர்கள் நேரில் பேசிக்கொண்டதைத்தான் சொல்வேன்.

மஸ்கட் கம்பெனி இம்மாதம் முப்பது வரை காத்திருக்கச் சம்மதித்திருப்பதாகவும், ரத்துக் கடிதம் பொய் என்பதற்கு என் வாக்குமூலம் ஏஜென்சிக்குப் போனால்தான் பிள்ளைகளுக்கு விசா கிடைக்கும் என்றும் சொன்னீர்கள். அதற்காகத்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்து அவருடையது, கடிதம் என்னுடையது.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வெளி பெஞ்சில் நான்கு பேரும் ஒரே தாளின் மேல் குனிந்திருக்கிறார்கள். என் மேல் புகார் எழுதுகிறார்கள். முக்கால் மணி நேரம் ஆகிறது. பொருள் போடவில்லை. ஓரம் விடவில்லை. அவர் ஒரு வரி சொல்கிறார், அவள் அதை அடித்துவிட்டு வேறு எழுதுகிறாள், நடுவில் சிரிக்கிறார்கள். ஹேமாவதி பேனாவைப் பிடுங்கி என்னவோ கிறுக்குகிறாள். புகார் எழுதும்போது சிரிப்பது முறையல்ல. இப்படி எழுதினால் வழக்கு நிற்காது, அம்மா.

அந்தப் புகாரை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன். அதற்கு என் மறுப்புரையையும் நானே எழுதிவிடுகிறேன், ஒரே மூச்சில் முடியும். புதிய சம்மதக் கடிதமும் ஒன்று வேண்டும் அல்லவா, அதையும் அடித்துவிடலாம். திருத்தம் வந்தால் உதவ, இருவரும் ஆளுக்கொரு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அவர்கள் உட்கார்ந்து பேசிச் சிரமப்பட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒருவரே எழுதினால்தான் ஒரு குடும்பத்தில் பிசகு வராது.