ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடி

ஒலிப்பதிவுக்கு வேண்டியது விலை உயர்ந்த கருவியல்ல, ஐயா, பொறுமை. பீளமேட்டுக் கல்லூரி ஒன்றின் மின்னணு ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப் பேர் சிரிப்பார்கள்.

பாட்டும் தாளமும் இல்லாத இசை ஒன்று உண்டு. தண்டவாளத்தின் அதிர்வு, மோட்டாரின் முனகல் போன்றவற்றைப் பதிந்து, அதையே இசையாகக் கேட்பது. என் மனைவிக்கு இது பைத்தியக்காரத்தனம். தொண்ணூற்றாறில் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு சிறு குழுவினர் இத்தகைய இசையைத் தொகுத்து ஒரு சிடி வெளியிடப்போவதாக எழுதினார்கள். பதினான்கு நாடுகள், நாட்டுக்கு ஒரு பதிவு. ஏழு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மனிதச் சொல் எதுவும் இருக்கக் கூடாது.

என் உதவியாளர் தேவானந்தமும் நானும் ஒரு மில்லின் நூற்பு இயந்திரங்களைப் பதிந்து அனுப்பினோம். தேவானந்தம் சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். என்னைவிட நல்ல காது அவருக்கு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதிவு திரும்பி வந்தது. ‘சுத்தமாக இருக்கிறது. ஆனால் உள்ளே எதுவும் நடக்கவில்லை’ என்று ஒரு வரி. அந்த வரி ஒரு மாதம் என்னைத் தூங்க விடவில்லை.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு வறண்ட கிணறு. அறுபதடி. இரண்டு வருடமாகத் தகரம் போட்டு மூடிக் கிடந்தது. அடியில் எங்கோ ஊற்று சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு சனிக்கிழமை காலை அதைப் பதியப் போனோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் என் அத்தை ராசாத்தாள், தகரத்தை விலக்கும்போதே சொன்னார்.

“கண்ணு, லாந்தர எறக்கிப் பாக்காம ஆரையும் எறக்கிப்போடாதே.”

மூடிய கிணற்றில் கெட்ட காற்று தங்கும். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். நான் தொடர்ந்து இறக்கினேன். நாற்பதடியில் சுடர் சுருங்கி அணைந்தது. மேலே இழுத்து மறுபடி பற்றவைத்தேன்.

தேவானந்தம் சற்றுத் தள்ளி உட்கார்ந்து மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “எப்படிங்க சார்?” என்றார்.

“எரியுதுங்க. எறங்கலாம்” என்றேன்.

அப்போது அது என் கையில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் இடுப்பில் கயிறு. கயிறு உருளை வழியாக டிராக்டரில் கட்டியிருந்தது. மூன்று முறை கயிற்றைச் சுண்டினால் டிராக்டரை எடுத்து மேலே தூக்குவது என்று பேச்சு. ஒரு மைக் அவர் சட்டையில், அதிர்வைப் பிடிக்கும் இன்னொன்று கயிற்றில். அவரை அடிவரை இறக்கி, டிராக்டரை அணைத்துவிட்டு, நான் மேலே ஹெட்போனுடன் உட்கார்ந்தேன்.

முதல் நிமிடம் வெறும் சொட்டு. இரண்டாவதில் மூச்சு வேகமானது. பிறகு கயிற்றிலிருந்து மூன்று அதிர்வு. பெரிய பறையை ஈரக் கையால் தட்டியதுபோல அவ்வளவு அழகாக இருந்தது. டிராக்டரைக் கிளப்பினால் அந்த இரைச்சலில் எல்லாம் பாழாகியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மறுபடி மூன்று. அதற்கப்புறம் இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒன்றே ஒன்று, மிக மெல்ல. ஏழு நிமிடம் தாண்டியதும் சாவியைத் திருப்பினேன். ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை.

விளக்கு இறக்கியதற்கு அத்தை சாட்சி. சாவுக்குக் காரணம் கெட்ட காற்று என்று எழுதிக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைத்தான் தேற்றினார்கள். மூன்று இழுப்பு வந்ததும் டிராக்டரை எடுத்தேன் என்று அவர் மனைவி ரூத்திடம் சொன்னேன். அந்த நேரத்தில் ஓர் ஆறுதல் வேண்டுமல்லவா.

அடுத்த வருடம் சிடி வந்தது. எங்கள் பதிவைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். தேவானந்தம் பெயரை என் பெயருக்கு மேலே போடச் சொல்லியிருந்தேன். ஆய்வகத்திலிருந்து பிளேயரை எடுத்துக்கொண்டு நானே ரூத்தின் வீட்டுக்குப் போனேன். கணவருக்குக் கிடைத்த கௌரவத்தை அவர் கேட்க வேண்டாமா?

அவர் ஹெட்போனை மாட்டி முழுவதும் கேட்டார். கண் பிளேயரில் ஓடும் எண்களிலேயே இருந்தது. முடிந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது அவரு மூச்சுங்க. பதினோரு வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கறனுங்க. மூணு தரம் சுண்டுனதும் டிராக்டர எடுத்தேன்னீங்க. இதுல ரெண்டாவது நிமிசத்துலயே சுண்டறாருங்க. அப்புறமும் சுண்டறாரு. அத்தன நேரமும் கேட்டுட்டேவா இருந்தீங்க?”

ஆமாம் என்றேன். கேட்கிறவரிடம் பொய் சொல்வானேன்? மறுநாள் அவர் சிடியோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

விளக்கு அணைந்தது எனக்குத் தெரியும். அவர் கூப்பிட்டதும் தெரியும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு. சிடியின் உறையில் ‘வெட்டு ஒட்டு இல்லாத பதிவு’ என்று போட்டிருக்கிறார்கள். நான் எழுதிக்கொடுத்ததுதான். அது பொய். நான்காவது நிமிடத்தில் நான்கு வினாடி வெட்டினேன். “சார், இழுங்க சார்” என்கிறார். சொல் வரக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. அந்தத் துண்டு நாடா ஆய்வகத்து மேஜை டிராயரில் இருக்கிறது. அந்த உறையை மட்டும் திருத்தி அச்சிடச் சொல்ல முடியுமா, ஐயா? வேலையில் பொய் சொல்கிறவன் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.