மனம் திருந்தாத மாமியார்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, தொலைக்காட்சி நிலைய மேலாளர் அவர்களே, படப்பிடிப்புக் குழு நண்பர்களே, அம்மையாரின் குடும்பத்தாரே, வணக்கம். அம்மையாருக்குப் பல ஆண்டுகள் வசனம் எழுதியவன் நான். பேசிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

அம்மையார் மறைந்துவிட்டார். தொடரில் அவர் ஏற்ற மாமியார் மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறாள். நாளைக்குள் அவள் கதையை நான் முடித்தாக வேண்டும். மருமகளிடம் மன்னிப்புக் கேட்டு, மனம் திருந்திச் சாகட்டும் என்பது நிலையத்தின் விருப்பம். தவறென்று சொல்ல நான் யார்? ஆனாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் மகனுக்குப் பெண் பார்த்த சமயம். தொடரில் மாமியார், மருமகளுக்குக் கொடுக்கும் பாலில் விஷம் கலந்த வாரம் அது. பெண்ணின் தாயார், மகளையும் அழைத்துக்கொண்டு ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார்.

"பால்ல விஷம் கலந்தவங்க வீட்டுக்கு என் பொண்ண எப்படிங்க அனுப்புவேன்?"

நான் அவசரமாக அம்மையாரிடம் குனிந்தேன். "நாலே எபிசோடுல உங்கள நல்லவங்களா மாத்திடறேம்மா" என்றேன்.

"சும்மா இருங்க வாத்தியாரே! என் வீட்டுக் கல்யாணத்துக்காக ஊரே பார்க்கிற கதையக் கெடுப்பீங்களா?" என்றவர், தாயார் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, விஷம் கலக்கணும்னா நான் அடுப்படிக்குப் போகணுமில்ல? எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. சமையலெல்லாம் என் வீட்டுக்காரர்தான்!"

கதவோரம் நின்ற பெண் சிரித்துவிட்டாள். "அத்தே, அந்தப் பால அவ குடிச்சாளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, சம்மதம்."

"கட்டிக்கிட்டு வா, சொல்றேன்!"

அந்தத் தாயாரும் சிரித்துவிட்டாரே! கல்யாணமும் நடந்தது. அதன்பின் அம்மையாரும் அந்த மருமகளும் ஒரே சோபாவில் அமர்ந்து தொடர் பார்ப்பார்கள். "பாவி, என்ன பேச்சுப் பேசறா பாரு!" என்று திரையில் தெரியும் தம்மையே அம்மையார் திட்டுவாராம். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் வழிமறித்து ஏசினால் அன்றைக்கு எனக்குத் தொலைபேசி வரும்: "வாத்தியாரே, இன்னிக்கு நல்ல திட்டு! வசனம் எடுபட்டிருக்கு." எத்தனை பேருக்கு வாய்க்கும் இந்த மனசு!

இன்று காலை அந்த மருமகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, அத்தைய அழ வச்சு அனுப்பிடாதீங்க."

மேலாளர் அவர்களே, எந்தக் காட்சிக்கும் நான் பிடிவாதம் பிடித்ததில்லை. இதற்குப் பிடிக்கிறேன். தொடரில் அந்த மாமியார் திருந்தமாட்டாள். சாகவும் மாட்டாள். வெளியூரிலிருக்கும் இளைய மருமகளைப் படுத்தி எடுக்கப் பெட்டியோடு கிளம்பிவிடுவாள். வாசலைவிட்டுப் போகும் வண்டியை மட்டும் காட்டுங்கள், போதும். பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வீடு எழுந்து நின்று திட்டட்டும்!