ஆறாவது டொங்கிள்

—எரியுதோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும் டிலக்ஷி.

—எரியுது. நீல வெளிச்சம் விட்டுவிட்டு எரியுது. ஆனால் கம்ப்யூட்டரிலை வைஃபை எண்டு ஒண்டும் வரேல்லை.

—ஒழுங்காச் செருகினனீரோ?

—மூண்டு ஓட்டையிலையும் மாத்தி மாத்திச் செருகிப் பாத்திட்டன்.

—ஓட்டையாம்! அதுக்குப் பேர் போர்ட். ஊசிக்கு நூல் கோக்கிற ஆள் மாதிரிக் கதைக்கிறீர். டொங்கிள் எண்டது ஒரு சின்னச் சாமான், பெருவிரல் நகத்தளவு. ஃபோனிலை வாற இன்ரநெற்றைக் கம்ப்யூட்டருக்குள்ளை எடுத்துவிடுறது மட்டுந்தான் அதின்ரை வேலை. அதைக்கூட உமக்குப் பாத்து வாங்கத் தெரியேல்லை.

—நீங்கள் எழுதி அனுப்பின பேரைக் காட்டித்தானே வாங்கினனான். இதோடை அஞ்சு.

—பேரைக் காட்டினால் காணுமோ? நான் அனுப்பின கம்ப்யூட்டரிலை கிடக்கிறது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எல்லா டொங்கிளும் இதுக்கு ஒத்துவராது. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!

—அப்ப விண்டோசையே போட்டு அனுப்பியிருக்கலாமே.

—அனுப்பியிருந்தால் உம்மடை கைராசிக்கு ஒரு கிழமையிலை வைரஸ் ஏறிப் படுத்திருக்கும். உம்மிலை இரக்கப்பட்டுத்தான் லினக்ஸ் போட்டனான். நல்லது செய்தாலும் குற்றம்.

—கோவிக்காதேங்கோ. எனக்கு விசாவுக்கு ஜேர்மன் சோதினை எடுக்கவேணும் எண்ட அந்தரம்.

—சோதினை! டொங்கிள் வாங்கத் தெரியாத ஆள் ஜேர்மன் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறீர்? இஞ்சை என்ரை கூட்டாளி ஜெரிசனின்ரை மனிசி ரெண்டு மாசத்திலை பாஸ் பண்ணிப்போட்டு வந்திறங்கினவள். நீர் என்னைக் கட்டி மூண்டு வருசம். ஆக்கள் கேக்கிற நேரம் எனக்கு முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை.

—அவ வகுப்புக்குப் போய்ப் படிச்சவ. எனக்கு இன்ரநெற் வகுப்பு, அதுக்குள்ளை போகவே வழியில்லை. ஃபோனிலை படிக்கிறன் எண்டு கேட்டன், வேண்டாம் எண்டிட்டியள்.

—ஃபோனிலை படிச்சு ஒருத்தரும் பாஸ் பண்ணேல்லை.

—சரி. ஆறாவதைச் சொல்லுங்கோ, எழுதிறன்.

—எழுதும். அதே கம்பனிதான். பேருக்குக் கடைசியிலை வீ டூ எண்டு இருக்கவேணும். அப்பிடியெண்டால் ரெண்டாவது தரம் விட்ட சாமான்.

—கடையிலை வீ வண்தான் கிடக்கு எண்டால்?

—வாங்கவேண்டாம். அது பழசு, குப்பை. லினக்ஸிலை தலைகீழா நிண்டாலும் வேலை செய்யாது.

—வடிவாத் தெரியுமோ உங்களுக்கு?

—பத்து வருசமா எனக்கு இதுதானே தொழில்! நான் உமக்குப் பிழையாச் சொல்லுவனோ?

—இதைத்தான் நானும் லெனாட் அண்ணையிட்டைச் சொன்னனான். என்ரை மனிசன் பிழையாச் சொல்லமாட்டார் எண்டு.

—எந்த லெனாட்?

—தெல்லிப்பழையிலை கம்ப்யூட்டர் திருத்திற கடை வைச்சிருக்கிறவர். நாலாவதும் சரிவராத உடனை, கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு மயிலிட்டியிலை பஸ் ஏறிப் போனனான்.

—தனியவோ போனனீர்?

—படுக்கையிலை கிடக்கிற மாமியையும் தூக்கிக்கொண்டோ போறது?

—வாய் நீளுது. ஆரைக் கேட்டுப் போனனீர்? அவன் கல்யாணம் கட்டினவனோ? எத்தினை தரம் போனனீர்?

—ஒருதரம்தான். அது காணுமாயிருந்தது. நீங்கள் எழுதி அனுப்பின பேர் நாலையும் அவரிட்டைக் காட்டினன். முதலிலை சிரிச்சார். பேந்து தன்ரை கம்ப்யூட்டரிலை ஒவ்வொண்டாத் தட்டிப் பாத்தார். பாக்கப் பாக்கச் சிரிப்பு நிண்டுபோச்சு.

—ஊர்க் கடைக்காரனுக்கு லினக்ஸைப் பற்றி என்ன தெரியும்?

—தங்கச்சி, இதை எழுதினது ஆர் எண்டு கேட்டார். என்ரை மனிசன், ஜேர்மனியிலை கம்ப்யூட்டர் வேலை எண்டு பெருமையாச் சொன்னன். பேந்து சொன்னார், உம்மடை மனிசன் நல்ல கெட்டிக்காரன், தெரியாதவன் எழுதினால் நாலிலை ஒண்டாவது தவறிச் சரியா வந்திருக்கும், இவர் லினக்ஸிலை வேலை செய்யாததுகளாப் பாத்து நாலையும் பொறுக்கி எடுத்திருக்கிறார் எண்டு.

—விசர்க் கதை!

—அந்தக் கம்பனியைப் பற்றியும் சொன்னார், வீ வண் எண்டால் செருகின உடனை வேலை செய்யுமாம். வீ டூவுக்குள்ளை வேறை சிப்பாம், அதை ஓட்டுற புரோகிராம் லினக்ஸிலை இல்லையாம். இப்பவும் நீங்கள் எனக்கு வீ டூவைத்தானே எழுதத் தந்தனீங்கள்? சொல்லுங்கோவன்.

—அப்ப அஞ்சாவதை என்னத்துக்கு வாங்கினனீர்?

—அஞ்சாவது எண்டு ஒண்டு நான் வாங்கவேயில்லை.

—இப்ப நீல வெளிச்சம் எரியுது எண்டனீர்!

—பொய். எனக்கும் பொய் சொல்ல வருமோ எண்டு பாத்தன்.

—நீ ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரிஞ்சு கதை!

—தெரிஞ்சுதான் கதைக்கிறன். இன்னும் கேளுங்கோ. லெனாட் அண்ணை என்ரை ஃபோனை வாங்கி, சார்ச் பண்ணுற வயராலை கம்ப்யூட்டரிலை கொழுவினார். ஃபோனிலை ஒரு இடத்தைத் தட்டினார். இன்ரநெற் வந்திட்டுது. டொங்கிளே தேவையில்லையாம். லினக்ஸ் தெரிஞ்ச எல்லாருக்கும் இது தெரியுமாம். நான் அந்தாளுக்கு முன்னாலை அழுதனான். அஞ்சு நிமிசச் சாமானுக்கு எட்டு மாசம் என்னை விசரி எண்டியள், மாடு எண்டியள். உண்மையாவே எனக்குத்தான் மூளை இல்லையாக்கும் எண்டு நான் நம்பியிட்டன்.

—டிலக்ஷி...

—கடையிலை சாமான் இன்னும் வரேல்லை, பஸ் ஓடேல்லை எண்டு உங்களுக்குச் சொல்லிச் சொல்லி ரெண்டு மாசமா வகுப்புக்குப் போறன். ஜேர்மனிலை என்னவேணுமெண்டாலும் கேளுங்கோ, பதில் சொல்லுறன். சனிக்கிழமை கொழும்பிலை சோதினை.

—அம்மாவை ஆர் பாக்கிறது?

—முதல் வாற கேள்வி அதுதான். எனக்குத் தெரியும்.

—கேளும் டிலக்ஷி. அக்கா கனடாவிலை கையை விரிச்சிட்டா. லண்டனிலை தம்பியின்ரை மனிசி ஃபோனையே எடுக்கிறாளில்லை. நீரும் இஞ்சை வந்தால் அம்மா நாறித்தான் சாகவேணும். நேரை கேட்டால் நீர் நிக்கமாட்டீர் எண்டு நினைச்சன். அம்மாவின்ரை காலம் முடியுமட்டும் இழுப்பம் எண்டு...

—அப்பிடியெண்டால் மாமி எப்ப சாவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். எனக்கு விசா அதுதான்.

—அப்பிடிச் சொல்லாதையும்!

—ரெண்டு வருசமா அவவின்ரை மலசலம் எடுக்கிறன். முதுகு புண்படாமல் தூக்கித் துடைக்கிறன். ஒரு நாள் முகம் சுளிச்சனானோ? நேரை கேட்டிருந்தால் நிண்டிருப்பன் டினேஸ். அதுதான் எனக்கு வயிறு எரியுது. கேட்டிருந்தால் நிண்டிருப்பன்.

—சோதினைக்குப் போறது அம்மாவுக்குத் தெரியுமோ?

—தெரியும். டொங்கிள் கதையை மட்டும் சொல்லேல்லை. பெத்த மகனைப் பற்றி அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது? வகுப்பு நேரத்திலை என்னைக் கூப்பிடாமல் பேசாமல் கிடப்பா. நான் பாஸ் பண்ணவேணும் எண்டு கட்டிலிலை கிடந்தே செபமாலை சொல்லுறா. அந்த மனிசி இல்லாட்டி நான் எப்பவோ விட்டிருப்பன்.

—போற நாளிலை?

—என்ரை தங்கச்சி குருநகரிலை இருந்து வந்து மூண்டு நாள் நிப்பாள். நான் ஜேர்மனிக்கு வந்தாப் பிறகு என்ன செய்யிறதெண்டு நீங்கள் மூண்டு பேரும் இருந்து யோசியுங்கோ. விசாவுக்கு நீங்கள் தரவேண்டிய கடுதாசியள் வெள்ளிக்கிழமைக்கு முதல் எனக்கு ஈமெயிலிலை வரவேணும். வராட்டி, அந்த நாலு டொங்கிளின்ரை பேரையும் அதுகளைப் பற்றி லெனாட் அண்ணை எழுதித் தந்ததையும் உங்கடை அக்காவுக்கு அனுப்புவன். எங்கடை பங்குச் சுவாமியாருக்கும் காட்டுவன்.

—அனுப்பவேண்டாம். கடுதாசி நாளைக்கே போடுறன்.

—சத்தியமாவோ?

—சத்தியமா. டிலக்ஷி, நான் செய்தது பெரிய பிழை.

—ஒண்டும் சொல்லவேண்டாம். கடுதாசியைப் போடுங்கோ.

—அம்மாவிட்டை ஃபோனைக் குடும். நானே அவவுக்கு விளங்கப்படுத்திறன்.

—கிணத்தடியிலை நிக்கிறன், பொறுங்கோ, உள்ளை போறன்... மாமி, முழிப்போ? உங்கடை மகன் கதைக்கப்போறாராம், இந்தாங்கோ. நான் கொடியிலை கிடக்கிற உங்கடை துணியளை எடுத்துக்கொண்டு ஓடிவாறன்.

—போயிட்டு வா பிள்ளை. ஆறுதலா எடு... ஆர், டினேசோ? சொல்லு ராசா. சாப்பிட்டியோ?

—ஓம் அம்மா. அம்மா, டிலக்ஷி சனிக்கிழமை சோதினைக்குப் போறாள். எல்லாம் சரி வந்தால் ஒரு வருசத்துக்குள்ளை இஞ்சை வந்திடுவாள். உங்களைப் பாக்க நான் ஒரு ஒழுங்கு செய்வன். பயப்பிடாதேங்கோ.

—நான் என்னத்துக்குப் பயப்பிடுறன்? அவள் போகமாட்டாள்.

—இல்லையம்மா, போகத்தான் போறாள். நானும் ஓம் எண்டிட்டன். போகட்டும். அவளுக்கு நாங்கள் செய்தது காணும்.

—பாஸ்போட் இல்லாமல் சோதினை எழுத விடுவாங்களோ?

—பாஸ்போட் அவளிட்டை இருக்குத்தானே.

—இருந்தது. நேத்து அவள் பூசைக்குப் போன நேரம் அடுப்புக்குள்ளை வைச்சிட்டன். நல்ல தணல் கிடந்தது, மட்டைகூட மிஞ்சேல்லை. கொழும்புக்கு வெளிக்கிடேக்கைதான் தேடுவாள். புதுசு எடுத்து, பேந்து சோதினைக்குப் பதிஞ்சு... அது எங்கை கிட்டடியிலை முடியப்போகுது? அதுக்குள்ளை நான் வேறை ஏதும் பாப்பன். நீ ஒண்டும் தெரியாத மாதிரி இரு.

—அம்மா! என்ன செய்து வைச்சிருக்கிறியள்? ஆரைக்கொண்டு செய்விச்சனீங்கள்?

—ஆரைக்கொண்டு? வீட்டிலை ஆர் இருக்கினம்? அவளின்ரை அறையிலை பெட்டி கட்டி வைச்சிருந்தாள், அதுக்குள்ளை மேலையே கிடந்தது.

—அது அவளின்ரை அறையெல்லோ? குசினி அடுப்பு அங்காலையெல்லோ? பொறுங்கோ... அம்மா, உங்களுக்கு எழும்பி நடக்கேலுமோ?

—மெதுவாக் கதை. போன மார்கழியிலை, நத்தாருக்கு முதலே நடக்கத் தொடங்கியிட்டன். ஆளில்லாத நேரம் கிணத்தடி மட்டும் போட்டு வருவன்.

—ஒரு வருசமாகப் போகுதம்மா! அவள் உங்கடை மலம் எடுக்கிறாள்!

—எடுக்கட்டும். நடக்கிறன் எண்டு தெரிஞ்சால் அவள் அண்டைக்கே பறந்திருப்பாள். காலோடை நிக்கிற தாயை நீங்கள் மூண்டு பேரும் விட்டிட்டுத்தானே போனனீங்கள்? படுத்தாப் பிறகுதான் எனக்கு ஒரு ஆள் கிடைச்சுது. நீ அவளுக்கு ஏதும் சொன்னியோ, பேந்து நீதான் வந்து இஞ்சை இருக்கவேணும். வருவியோ?

—அம்மா...

—வருவியோ எண்டு கேட்டனான்.

—எனக்கு லீவு தரமாட்டாங்கள் அம்மா.

—அதுதானே. சரி வை, காலடி கேக்குது... ஆர், பிள்ளையோ? வந்திட்டியோ? இந்தா ஃபோன், பாவம் டினேஸ் அழுறான். துணியை அங்காலை போட்டிட்டு என்னை ஒருக்காப் பிடிச்சுத் திருப்பிவிடு மோனை, ஒரே பக்கம் கிடந்து முதுகும் நாரியும் விட்டுப்போச்சு.