மருந்தா மாவா

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசிக் காலை. அன்னூரிலிருந்து கோவைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். ஆளுக்கொரு பெண் குழந்தை மடியில் தூங்கியது. ஜன்னல் கண்ணாடியில் தூறல் வழிய, வெளியே சோளக்காடுகள் தண்ணீருக்குள் மிதப்பதுபோல நகர்ந்தன.

"கோயில்ல பூக் கேக்கற மாதிரியேதான் இருக்குதுங்க," என்றாள் அவள்.

"எது?"

"இந்தப் புது மருந்து சோதனைதானுங்க. வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் ஒரே மாதிரி மடிச்சு வெச்சா, எதுல எதுன்னு பூசாரிக்கே தெரியாது. இங்க டாக்டருக்கே தெரியாதாமா. ஒரு பொட்டலத்துல மருந்து, இன்னொண்ணுல வெறும் மாவு."

"தின்ன சோறே வெசமாகற வியாதி. நம்ம ரெண்டு பேரு வழியாத்தான் புள்ளைகளுக்கு வந்துதாமா. வேற மருந்தும் இல்லீங்கறாங்க. புள்ளைக ரெண்டு பேரையும் சோதனைல சேத்துப்போடலாம் அம்மணி."

"சேக்கலாமுங்க. பெரியவளுக்கு மருந்தும் சின்னவளுக்கு மாவும் வந்துதுன்னா?"

பஸ் கோவையின் விளிம்பில் கணபதி நிறுத்தத்தை நெருங்கியது. எனக்கும் கண் சொக்கியது.

"ஏனுங்க," என்றாள் அவள், தூக்கத்தில் பேசுகிறவள் போல. "ரெண்டு பொட்டலத்தையும் ஒரே கிண்ணத்துல கலக்கி, ஆளுக்குப் பாதியா ஊட்டிப்போடறேனுங்க."

அவன் மடியிலிருந்த குழந்தையின் காலைத் துண்டால் மூடினான்.

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதே அம்மணி," என்றான்.