கிழக்கு கேலரியைத் தள்ளியவர்கள்

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அரங்கத்தில் தண்டவாளத்தின்மேல் உருளும் கிழக்கு கேலரியை நகர்த்தியது நீங்கள் யாரும் இல்லை. மோட்டார்.

வெள்ளத்தில் மூழ்கிச் செத்துப்போனதாக நகரமே நம்பும் அந்த மோட்டார், அடுத்த கோடைக்குள் சரியாகிவிட்டது. சரிசெய்த பழைய எலக்ட்ரீஷியனுக்கும் அரங்கத்தின் கண்காணிப்பாளரான என் சித்திக்கும் மட்டுமே அது தெரியும். எலக்ட்ரீஷியன் ஓய்வு பெற்று நான் அந்த வேலைக்கு வந்தேன். கேலரிக்கு அடியில் இருக்கும் அறையைத் துடைத்துவிட்டு, சும்மா சுவிட்சைத் திருகிப் பார்த்தேன். ஓடியது. மூச்சிரைக்க அலுவலகத்துக்கு ஓடினேன்.

"சித்தி, மோட்டார் ஓடுது!"

"மெதுவாப் பேசு. கதவைச் சாத்து."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்குத் தெரியாம இங்க ஒரு பல்பு எரியுமா?"

"அப்ப எதுக்கு அத்தனை பேரும் வந்து தள்றாங்க?"

சித்தி டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மோட்டார் ஓடுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு யாருடி வருவா?"

அன்றிலிருந்து, வெளியே சித்தி வழக்கம்போல விசில் ஊதுவாள். முதல் விசிலுக்கு எல்லோரும் கேலரியின் கம்பியைப் பிடிப்பார்கள். இரண்டாவது விசிலுக்குத் தள்ளுவார்கள். உள்ளே நான் நெம்புகோலை இழுத்துப் பல்சக்கரத்தை மாட்டி, சுவிட்சைத் திருகுவேன். மோட்டார் சத்தத்தைக் கூச்சல் விழுங்கிவிடும்.

சித்தி இறந்தபின் நடந்த இரங்கல் கூட்டத்தில் மேடையில் இருந்த நகர்மன்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் தயாரித்து வைத்திருந்தார். கேலரியை ஒரே இடத்தில் தண்டவாளத்தோடு பற்றவைத்துவிட்டு, மைதானத்தைக் கால்பந்துக்கு மட்டும் கொடுப்பது. மோட்டார் இல்லை, ஆள் சேர்க்க இனி அந்த அம்மாளும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காரணம் விழுந்திருக்கும். கூடவே சித்தியும் விழுந்திருப்பாள்.

அதனால் எழுதி வைத்திருந்ததை மட்டும் படித்தேன்.

*

மேடையில் அமர்ந்திருக்கும் மன்ற உறுப்பினர் அவர்களே, கால்பந்துக் கழகச் செயலாளர் அவர்களே, ஓட்டப் பயிற்சியாளர் மாஸ்டர் அவர்களே, நாற்காலி போதாமல் ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அம்மாவே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அழுகையும் வரவில்லை. பல்லைப் பிடுங்கியபின் ஈறு மரத்துக் கிடப்பதுபோல் இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. வலி பிறகு வரும் என்கிறார்கள். வரட்டும்.

அரங்கக் கண்காணிப்பாளர். உங்களுக்கு விசிலம்மா. எனக்குச் சித்தி. அவருடைய கதையைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த அரங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும். தனியாக ஒரு கதை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நகரத்தின் நட்டநடுவில் இந்த இடம் ஒரு காலத்தில் சரக்கு ரயில் நிலையம். நிலையம் புறநகருக்குப் போன பிறகு, தண்டவாளத்தைப் பிடுங்கச் சோம்பல்பட்ட யாரோ ஒரு புண்ணியவான், அதன்மேலேயே சக்கரம் வைத்து ஒரு கேலரியை நிறுத்தினார். கேலரி உள்ளே வந்தால் இது கால்பந்து மைதானம், ஓடுதளத்தின் ஒரு பக்கம் கேலரிக்கு அடியில் போய்விடும். கேலரி பின்னால் போனால் முழு ஓடுதளம். ஒரே இடம், இரண்டு மைதானம்! சர்க்கஸ் வந்தது, பொருட்காட்சி வந்தது, மேசை நாற்காலி போட்டுத் தேர்வு எழுதினார்கள். யாரை இந்த அரங்கம் வேண்டாம் என்றது?

ஆனால், அன்றைக்கு இங்கே நிம்மதி இருந்ததா? மாஸ்டருக்கு நினைவிருக்கும், செயலாளருக்கும் நினைவிருக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால் ஈட்டி குத்திய குழிகள். ஓடுதளத்தில் பூட்ஸ் கிழித்த தடங்கள். உயரம் தாண்டும் மெத்தையை ஒரு நாள் யாரோ கத்தியால் கீறிவிட்டுப் போனார்கள். சுவிட்சைத் திருகினால் கேலரி நகர்ந்தது. ஒரு கூட்டம் வெளியே போகும், மறு கூட்டம் உள்ளே வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு வெள்ளம். தாழ்வான தெருக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேலரிப் படிகளில்தான் படுத்தோம். நானும் அம்மாவும் ஒன்பதாம் வரிசை. சித்தி வீட்டுக்கே போகவில்லை. அம்மா கோபமாகக் கேட்டாள், "உனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கே. இப்பதான் ஆயிரம் பேர் குடிவந்திருக்காங்க. வாடகைதான் ஒருத்தரும் தரல."

தண்ணீர் வடிந்தது. கேலரி பாதி வழியில் நின்றுவிட்டது. பந்தும் ஆட முடியாது, ஓடவும் முடியாது. இரண்டு தரப்பும் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டன. விசிலம்மா என்ன செய்தார்? கடிதம் போட்டாரா, கமிட்டி வைத்தாரா? கழுத்தில் இருந்த விசிலை எடுத்தார்.

"மைதானத்தை விட்டுப் போறவங்களும் வர்றவங்களும் சேர்ந்து தள்ளுங்க. இல்லைன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது."

முதல் நாள் செயலாளர் கேட்டாராம்: "என்ன மாஸ்டர், தள்றீங்களா, சாஞ்சு தூங்குறீங்களா?" மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாராம்: "நான் தள்றதாலதான் ஓடுது. உங்க தொப்பை மட்டும்தான் கேலரியைத் தொடுது, கை இன்னும் வரல."

இருவரும் இப்போது சிரிக்கிறீர்கள். அன்று சிரித்தீர்களா? அன்றிலிருந்து இன்றுவரை, மைதானம் மாறும் ஒவ்வொரு முறையும் போகிறவர்களும் வருகிறவர்களும் தோளோடு தோள் நின்று தள்ளியிருக்கிறீர்கள். தன் இடுப்பு வலிக்கு இந்தக் கேலரிதான் காரணம் என்று மாஸ்டர் சொல்வார். நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: பக்கத்துத் தோளில் இடித்துக்கொண்டு நின்றவன், அந்தத் தோளுக்குரியவன் விழும் மெத்தையை மறுபடி கீறுவானா? கீறவில்லையே!

எல்லோரும் தள்ளும்போது நீ மட்டும் எங்கே ஒளிந்துகொள்கிறாய் என்று என்னைக் கேலி செய்வீர்கள். சித்தி உடனே சொல்வார், "அது ஒரு சோம்பேறிக் கழுதை, விடுங்க." அந்தப் பட்டத்தை இத்தனை நாள் சுமந்தேன். இனி அதை யார் எனக்குச் சொல்வார்கள்?

மன்ற உறுப்பினர் அவர்களே, விசிலம்மா இல்லாமல் கேலரி நகருமா என்று கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் போட்டி. சனிக்கிழமை காலை கேலரி பின்னால் போக வேண்டும். போகும்! அவர் விட்ட இடத்தில் நாங்கள் நிற்போம். அவர் சேர்த்து வைத்தவர்களை நாங்கள் கலைய விடமாட்டோம். நீங்களும் வாருங்கள். வந்தால் கைகட்டி நிற்க முடியாது, தள்ள வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. உட்கார்ந்துகொள்கிறேன்.

*

சனிக்கிழமை, நான் பார்த்திராத அளவுக்குக் கூட்டம் வந்தது. வெள்ளத்தில் எங்களோடு படிகளில் படுத்தவர்கள்கூட வந்திருந்தார்கள். மன்ற உறுப்பினர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாஸ்டருக்கும் செயலாளருக்கும் நடுவில் நின்றார். தீர்மானத்தைப் பிற்பாடு அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

விசில் அம்மாவிடம் இருந்தது. மருத்துவமனையில் கொடுத்த பையில் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு, இரங்கல் கூட்டத்தைத் தவிர, அரங்கத்துக்குள் கால் வைக்காதவள் அம்மா. நான் வழக்கம்போல நழுவி, கேலரிக்கு அடியில் இருந்த அறைக்குப் போனேன். முதல் விசில் வெறும் காற்றாக வந்தது.

"அம்மா, நல்லா ஊதுங்க, முத்தம் குடுக்காதீங்க!" என்று வெளியே மாஸ்டர் கத்தினார். யாரோ சிரித்தார்கள். அம்மா மறுபடி ஊதினாள். பிறகு இரண்டாவது விசில்.

என் கை நெம்புகோலில் இருந்தது. இன்னும் இழுக்கவில்லை. சுவிட்சில் விளக்கு எரியவில்லை. என் எதிரே இருந்த இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது, ஒரு விரற்கடை உருண்டது, பிறகு உருண்டுகொண்டே போனது.

கேலரி வெள்ளைக் கோடுவரை போய் நின்றது. மோட்டாரை நான் போடவில்லை.