வெளியாலை பூட்டுங்கோ

இரும்புப் பெட்டிக்கும் வியர்க்கும் ஐயா. நிறையப் பேருக்கு அது தெரியாது. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கொண்டெய்னர் இரவில் குளிரும்போது உள்ளே அடைபட்ட ஈரமெல்லாம் கூரைத் தகட்டில் பூத்துவிடும். விடியற்புறம் சொட்டுச் சொட்டாக விழும். வெளியே ஒரு துளி மழை இராது, உள்ளே மெத்தை நனைந்து கிடக்கும்.

அந்தப் பெட்டி என் அக்கா கேதீஸ்வரியுடையது. முப்பத்துநாலு வருடம் லண்டனில் இருந்தவர், ஓய்வெடுத்ததும் எங்கள் ஊர் புளியங்கூடலுக்கே திரும்புவதென்று முடிவுசெய்து தன் வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒரு இருபதடிக் கொண்டெய்னரில் ஏற்றினார். பெட்டியையும் சேர்த்தே வாங்கி அனுப்பிவிட்டார். அத்தானின் முழங்கால் சத்திரசிகிச்சை தள்ளித் தள்ளிப் போனதால் சாமான் வந்தது, அவர்கள் வரவில்லை. எங்கள் வீட்டு வளவின் வேலியோரம் பெட்டியை இறக்கி வைத்தோம்.

நான் அவருடைய ஒரே தம்பி, தில்லைநாதன். வயது ஐம்பத்துமூன்று, கலியாணம் கட்டவில்லை. எங்கள் தகப்பனுக்குத் தெற்கே மாத்தறையில் கடை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வீட்டுக்கு வருவார். அம்மா நான் நடக்கப் பழகுமுன்பே போய்விட்டார். என்னை வளர்த்தது அக்கா. இதை வாக்குமூலத்தில் எழுதுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பெட்டிக்குக் காற்றுக் காட்டுவது என் வேலை. காலை ஆறு மணிக்கு இரண்டு கதவையும் விரியத் திறப்பேன், பொழுதுபட மூடுவேன். அடைமழை நாட்களைத் தவிர இரண்டு வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா லண்டனிலிருந்து போன் எடுப்பார். என்ன சமைத்தாய், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று முக்கால் மணித்தியாலம் கதைப்பார். எனக்குக் கிழமை முழுக்க அந்த முக்கால் மணித்தியாலம்தான்.

போன வருடம் கோபிசங்கர் வந்தான். அத்தானின் கடைசித் தம்பி. கட்டாரில் பதினைந்து வருடம், பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் போடுகிற வேலை. ஊரில் அவனுக்குத் தனி வீடு உண்டு, ஆனால் பகலெல்லாம் எங்கள் வளவில்தான் நிற்பான். நல்ல பிள்ளை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். குசினிக் கூரை ஒழுகி அடுப்பு நனைந்தபோது நான் கேட்காமலே ஏறிச் சரிசெய்தான். ஒருவரை வெறுக்க அவர் கெட்டவராக இருக்க வேண்டுமென்று சனம் நினைக்கிறது. அப்படியொன்றும் இல்லை.

மார்கழி மழைக்குப் பத்து நாள் கதவு திறக்க முடியவில்லை. திறந்தபோது அக்காவின் கலியாண அல்பத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நான் துடைத்து வெயிலில் வைத்திருப்பேன். கோபி அதற்குள் அக்காவுக்கு வீடியோவில் காட்டிவிட்டான். அக்கா என்னை ஏசிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு ஏலாதெண்டு நான் சொல்லேல்லை, தில்லை. அவனுக்கு உது பழகின வேலை. திறப்பிலை ஒண்டை அவனிட்டைக் குடு."

இரண்டு சாவியில் ஒன்றைக் கொடுத்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா என்னோடு ஆறு நிமிடம் கதைத்துவிட்டு, "கோபியிட்டைக் குடு" என்பார். பிறகு நேரே அவனுடைய போனுக்கே எடுக்கத் தொடங்கினார். அவன் முற்றத்தில் நடந்து நடந்து சிரித்துக் கதைப்பான், நான் குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "நீ வந்தாப்பிறகுதான் கோபி எனக்கு நிம்மதி" என்றார் அக்கா. எனக்கு வந்தது பொறாமைதான், வேறு பேர் வைக்கத் தேவையில்லை.

கோபியின் கணக்கு எளிமையானது. காற்று வரும் பக்கச் சுவரில் தாழ்வாக ஓட்டைகள், எதிர்ப்பக்கச் சுவரில் உயரத்தில் ஒன்று. குளிர்ந்த காற்று கீழால் வரும், சூடேறியது மேலால் போய்விடும், கதவு திறக்கவே வேண்டாம். மாசியில் கீழ் ஓட்டைகள் மூன்றை வெட்டிச் சல்லடை வைத்தான். நான் "காத்து எஞ்சினியர்" என்று பகிடி பண்ணினேன், அவனும் சிரித்தான். கதவு திறக்க வேண்டாமென்றால் காலை ஆறு மணிக்கு எனக்கு என்ன வேலை என்று அவன் யோசிக்கவில்லை. அக்காவும் யோசிக்கவில்லை.

அந்த மூன்று ஓட்டைகளிலும் உள்பக்கமாகத் தேங்காய்த் தும்பு அடைத்தது நான். அலுமாரிக்கும் சோபாவுக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாது. மறுபடி பூஞ்சணம் பிடிக்கும், அக்கா கோபியைப் பேசுவார், அவ்வளவுதான் நினைத்தேன். பூஞ்சண மணம் வந்தது. ஆனால் அக்கா அவனை ஏசவில்லை. கோபி, "மேல் ஓட்டையையும் வெட்டினால்தான் சரிவரும் அக்கா" என்றான், அவரும் சம்மதித்தார். ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நானும் ஒரு காரணம்.

சித்திரை வருசப்பிறப்பு முடிந்த ஞாயிறு அது. மேல் ஓட்டையை முதல்நாளே வெட்டியிருந்தான். அதற்குப் போடுகிற தகட்டில் மழைக்கு இழுத்து மூடுகிற மூடியும் உண்டு. காலை பத்தரைக்கு அவன் உள்ளே ஸ்டூலில் ஏறி நின்றான், நான் வெளியே ஏணியில் நின்றேன். அவன் சொன்னது இதுதான், சொல் மாறாமல் எழுதுங்கள்.

"நான் உள்ளுக்கு நிண்டு நட்டைப் பிடிக்கிறன். நீங்கள் வெளியாலை பூட்டுங்கோ, அண்ணை."

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் மலையகத்துக்காரர். உங்கள் பக்கம் பூட்டுவதென்றால் கதவுக்குப் பூட்டுப் போடுவது. எங்கள் பக்கம் பூட்டுவதென்றால் பொருத்துவதும்தான். நாங்கள் கூரையில் காற்றாடியையும் பூட்டுவோம், சைக்கிளுக்கு டயரையும் பூட்டுவோம். முதல்நாள் விசாரணையில் "பூட்டச் சொன்னவன், பூட்டினேன்" என்று நான் சொன்னபோது நீங்கள் அதை, சொல் மாறி விளங்கி ஏதோ தவறு நடந்துவிட்டதென்று எழுதினீர்கள். நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். அவன் எந்தப் பூட்டைச் சொன்னான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அவன் சொன்ன பூட்டை முதலில் செய்தேன். எட்டுத் திருகாணியையும் இறுக்கினேன், மூடியை இழுத்து அடைத்தேன். பிறகு ஏணியால் இறங்கி, சுற்றி வந்து, கதவு இரண்டையும் சாத்தி மற்றப் பூட்டையும் போட்டேன். இரண்டு வருடம் பொழுதுபடச் செய்த வேலை, அன்று கொஞ்சம் நேரத்தோடு செய்தேன்.

முதலில் அவன் பகிடி என்றுதான் நினைத்தான். "அண்ணை, அவியுது, திறவுங்கோ" என்றான். பிறகு ஸ்பனரால் சுவரில் அடிக்கத் தொடங்கினான். சுற்றவர ஏழு வீடு, ஏழும் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் கனடாவிலும் பிரான்சிலும். நான் மாமர நிழலில் இருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கட்டும், அதற்குப் பிறகு திறப்போம் என்று நினைத்தேன். நாலு மணிக்குத்தான் திறந்தேன் என்பதை ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். இடையில் நடந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பக்கத்துக் கதிரையில் கிடந்த கோபியின் போன் அடித்தது. அக்கா. நான் எடுத்தேன்.

"கோபி எங்கை?"

"உள்ளுக்கு நிக்கிறான்."

"உதென்ன உப்பிடிச் சத்தம்?"

"தகடு பூட்டுற சத்தம், அக்கா."

அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். "அப்ப அவன் வேலையை முடிக்கட்டும், நீ கதை" என்றார். அல்பத்துக்காக நான் மனம் நொந்திருப்பேன் என்று தனக்குத் தெரியுமென்றார். சாப்பிட்டாயா என்றார். ஆனியில் வருவதற்கு டிக்கெட் போட்டாயிற்று என்றார்.

"கோபியை ஏன் அவசரப்படுத்தினனான் எண்டு நினைக்கிறாய்? பெட்டி சரியெண்டால்தானே நான் வந்து இருக்கலாம். நீ தனியச் சமைச்சுத் திண்டது காணும், போதும். கோபி தன்ரை வீட்டிலை இருக்கட்டும், நான் உன்னோடைதான் இருக்கப்போறன்."

அந்த நேரம் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்னைப்போல் இல்லை, விட்டு விட்டுக் கேட்டது. நான் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அக்கா சொல்லி முடித்துவிட்டார். எழும்பிப் போய்த் திறந்திருக்கலாம், இருபது அடி தூரம்தான். ஆனால் கதைக்கத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் தாண்டியிருந்தது, அக்கா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். எழும்பினால் போனை வைக்க வேண்டிவரும்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அக்காவுக்கும் அது விளங்கியது.

"என்ன, முடிஞ்சுதே?"

"ஓம் அக்கா," என்றேன். "முடிஞ்சுது. நீங்கள் சொல்லுங்கோ."